பாயை விடு

படகு கவிழ்ந்ததும் அக்கா என் பெயரைச் சொன்னாள். நான் "அக்கா" என்றேன்.

"பேரைச் சொல்லுடா" என்றாள்.

"இருளாயி" என்றேன்.

கவிழ்ந்தால் முதலில் செய்ய வேண்டியது அதுதான். ஒருவர் பெயரை ஒருவர் சொல்ல வேண்டும். அக்கா, தங்கச்சி, மாமா என்று முறை சொல்லிக் கூப்பிட்டால் செல்லாது. இரண்டு பேரும் இருந்தோம். அவள் படகின் மூக்குப் பக்கம் விழுந்திருந்தாள், நான் சுக்கான் பக்கம். என் வாயெல்லாம் புழுதி. அன்றைக்கு அது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் என்னால்தான்.

எங்கள் கண்மாயில் தண்ணீர் வற்றிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஆனால் தாலுகா ஆபீஸ் ரிக்கார்டில் அது இன்னும் நீர்நிலைதான், அதுவும் முழுக் கொள்ளளவு. ரிக்கார்டில் தண்ணீர் இருக்கிற இடத்தை நினைத்தபடி நடந்து கடக்க முடியாது. அதனால் அக்கரைக்குப் போகிறவர்கள் படகில் போகிறார்கள். காற்று தூக்கினால் கவிழ்கிறார்கள். நிமிர்த்திக்கொண்டு போகிறார்கள். இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. எனக்குப் புரியாமல் இருந்தது ஒன்றுதான்: அந்தத் தண்ணீர் எவ்வளவு ஆழம்? முட்டி வரைக்குமா, கழுத்து வரைக்குமா? யாரைக் கேட்டாலும் முழுக் கொள்ளளவு என்பார்கள். அது ஒரு பதிலா?

"படகை விட்றாத" என்றாள் அக்கா. "மூக்கைக் காத்துக்குத் திருப்பு. துணிக் கயிறை விடு. பத்து எண்ணு."

துணி என்று அவள் சொன்னது படகின் பாயை. ஏன் அப்படிச் சொன்னாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நிமிர்த்துவது பெரிய வித்தை ஒன்றும் கிடையாது. படகின் நடுவிலிருந்து ஒரு பலகை அடிப்பக்கமாக இறங்கியிருக்கும். படகு சாய்ந்து கிடக்கும்போது அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருவர் அதன்மேல் ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பின்னால் சாய வேண்டும். இன்னொருவர் படகின் உட்பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கிடக்க வேண்டும். படகு நிமிரும்போது படுத்திருப்பவரையும் அள்ளிக்கொண்டு நிமிரும், அகப்பை சோற்றை அள்ளுகிற மாதிரி. அள்ளப்படுகிறவர் ஒன்றும் செய்யக் கூடாது. அதுதான் முக்கியம்.

இதற்கெல்லாம் முன்னால் பாயின் கயிற்றை விட்டுவிட்டு, அது காற்றில் தொளதொளவென்று ஆடுகிற வரைக்கும் பத்து எண்ண வேண்டும். எண்ணாமல் ஏறினால் படகு நிமிர்ந்த வேகத்தில் அந்தப் பக்கம் கவிழும். நான் அதுவரை ஆறுக்கு மேல் எண்ணியதில்லை. பிளஸ் ஒன்னைப் பாதியில் விட்டதும் இப்படித்தான். ஃபிசிக்ஸ் சார் கணக்கைப் போர்டில் எழுதி முடிப்பதற்குள் எனக்கு விடை வந்துவிடும். தப்பு விடை. ஆனாலும் அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அதற்கு மேல் காரணம் கிடையாது.

அன்றைக்கும் ஆறில் ஏறிவிட்டேன். படகு நிமிர்ந்து, அக்காவை அள்ளி, அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டியது.

அவள் எழுந்து தலைமுடியிலிருந்து ஒரு கருவேல முள்ளை எடுத்தாள். "ஏழு எங்க போச்சு?" என்று மட்டும் கேட்டாள்.

நாங்கள் இப்படிப் பழகியது அப்பாவைக் கூட்டிவர.

அப்பாவின் பெயர் வழிவிட்டான். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் அவரும் அக்காவும் அக்கரை ரேஷன் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது படகு கவிழ்ந்தது. அப்பா படகை விட்டுவிட்டார். படகை விட்டவர்கள் கரையைப் பார்த்து நடக்க வேண்டியதுதான். கரை கிட்ட இருக்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் நாள்கணக்கில் ஆகும். பக்கத்து ஊர் டீச்சர்கள் இரண்டு பேர் ஒரு வைகாசியில் படகை விட்டுவிட்டுப் பதினோராம் நாள் கரையேறி, நேரே பள்ளிக்கூடம் போய்க் கையெழுத்துப் போட்டார்கள். அப்பாவும் அப்படி வந்திருக்க வேண்டியவர்தான். அவரிடம் உள்ள ஒரே கோளாறு, மத்தியானம் சாப்பிட்டதும் தூங்குவது.

அவர் எங்கே போனாலும் கோரைப்பாய் ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். படகை விட்ட பிறகும் அது அவரோடுதான் இருந்தது. காலையில் எழுந்து கிழக்கே எங்கள் கரையைப் பார்த்து நடப்பார். போகிற வருகிற படகுக்காரர்கள் சோற்றுப் பொட்டலம் போடுவார்கள். ஒன்றரை மணிக்கு இன்னும் இருநூறு எட்டு வைத்தால் எங்கள் கரை என்கிற தூரத்துக்கு வந்துவிடுவார். முகம் தெரியும். சட்டைப் பொத்தான் ஒன்று இல்லாதது தெரியும். அப்போது சாப்பிடுவார். சாப்பிட்டதும் பாயை உதறி விரித்துப் படுப்பார். அந்த நேரத்துக்குக் கடல்காற்று கிளம்பும். விரித்த பாயைக் காற்று பார்த்தால் என்ன செய்யும்? தள்ளிக்கொண்டு போகும். பாய் அவரோடு மேற்கே போகும். நான்கு மணிக்கு டீ நினைப்பில் அவர் விழிக்கும்போது கண்மாயின் அந்தக் கோடியில் கிடப்பார். பாயைச் சுருட்டிக்கொண்டு மறுபடியும் நடப்பார்.

அம்மா தினமும் ஒன்றரைக்குக் கரையில் போய் நிற்பாள்.

"ஏங்க, இன்னைக்கி ஒரு நாள் தூங்காம வாங்க" என்று கத்துவாள்.

"அஞ்சு நிமிசம் பஞ்சவர்ணம்" என்று அப்பா கத்துவார்.

ஒரு தடவை அம்மா படகுக்காரர்களிடம் சொல்லி மூன்று நாள் பொட்டலத்தை நிறுத்தினாள். வயிறு நிறைந்தால்தானே தூக்கம் என்று கணக்கு. அப்பா மூன்று நாளும் பசி மயக்கத்தில் ஒரு மணிக்கே படுத்துவிட்டார். நிறுத்தியதை அவளே மறுபடி தொடங்கி வைத்தாள்.

ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "கண்ணுக்குத் தெரியிற தூரத்துலதானப்பா இருக்காரு" என்பார்கள். கண்ணுக்குத் தெரிகிற ஆளைத் தேடிப் போக ஆள் சேராது. முதல் வருஷம் அக்கா தனியாகப் பல தடவை படகை எடுத்துப் போனாள். ஓடுகிற படகு அவர் பக்கத்தில் நிற்காது, கடந்து போய்விடும். நின்றாலும் அவரால் விளிம்பைத் தாண்டி ஏற முடியாது. ஆள் கனம், படகு அவர் பக்கம் சாயும். கவிழ்ந்த படகுதான் ஓரிடத்தில் நிற்கும். கவிழ்ந்த படகுதான் ஆளை அள்ளும். ஆனால் அப்பா உள்ளே படுத்தால் பலகைமேல் நின்று நிமிர்த்துகிறவருக்கு எடை வேண்டும். அக்கா நாற்பத்திரண்டு கிலோ. நான் அறுபத்தொன்று. அதோடு எங்களுடையது இரண்டு பேர் படகு. இரண்டு பேர் போய் மூன்று பேராகத் திரும்ப முடியாது. யாராவது ஒருவர்தான் போகலாம். அது நான்தான்.

இந்தப் பழக்கம் இன்னும் ஒரு வருஷம் இழுத்திருக்கும். ஆனால் மடைக்காரர் சாத்தையா அந்தத் திங்கட்கிழமை வந்து, வியாழன் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கண்மாய்க்குத் தண்ணீர் விடுகிறோம், நிஜத் தண்ணீர், ஆர்டர் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா அப்பாவைப் பற்றிக் கேட்டாள். அவர் ஆர்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் அப்பாவைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். ரிக்கார்டுத் தண்ணீர் அது பாட்டுக்கு இருக்கும், நிஜத் தண்ணீர் அதற்கு மேலே வந்து நிற்கும், கீழே இருக்கிறவர்கள் கீழேயே இருந்துகொள்வார்கள் என்று விளக்கினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். 

செவ்வாய்க்கிழமை மறுபடியும் கவிழ்ந்தோம். அன்றைக்குப் படகு முழுசாகப் புரண்டுவிட்டது. பாய்மரம் தரை வெடிப்பு ஒன்றுக்குள் நேராக இறங்கி, படகு ஆமை மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அக்கா வெளியே இருந்தாள். நான் அடியில் மாட்டிக்கொண்டேன்.

அடியில் கொஞ்சம் காற்று இருக்கும், பயப்பட வேண்டாம் என்று கரையில் உள்ள தகரப் போர்டில் எழுதியிருக்கிறது. இருந்தது. பழைய மீன் வாசனையும் இருந்தது. நான் உடனே வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. என் கால்கள் சில்லென்று இருந்தன, தலை சூடாக இருந்தது. எந்த இடத்தில் சில்லென்பது முடிகிறது என்று கையை மேலே நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். நெஞ்சுக் குழியில் முடிந்தது. அதற்கு மேலே கண்மாய் கிடையாது.

அக்கா படகைத் தட்டினாள். "உள்ள என்ன பண்ற?"

"நெஞ்சு வரைக்கும் இருக்குக்கா" என்றேன்.

 அவள் படகின் முதுகில் சாய்ந்தபடி பேசினாள். என் முகம் தெரியாததால்தான் பேசினாள் என்று நினைக்கிறேன். அப்பாவோடு கவிழ்ந்த அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் செய்தார்களாம். பலகைப் பக்கம் இருந்தது அவள், கயிறு இருந்தது அப்பா பக்கம். "பாயை விடுங்கப்பா" என்று அவள் கத்தியிருக்கிறாள். அப்பா விட்டார். கக்கத்தில் இருந்த பாயை விட்டார். அது காற்றில் உருண்டு ஓடியது. இவர் அதைப் பிடிக்கப் படகை விட்டுவிட்டு ஓடினார்.

"கயிறுன்னு சொல்லியிருந்தா வீட்டுக்கு வந்திருப்பாரு" என்றாள். "நாந்தான் அந்தச் சொல்லைச் சொன்னேன்."

எங்கள் வீட்டில் இரண்டரை வருஷமாகப் பாய் என்ற சொல் கிடையாது. படகில் இருப்பது துணி, படுப்பது விரிப்பு. அதை ஆரம்பித்தது அக்காதான், நாங்களும் பழகிவிட்டோம். ஏனென்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். எல்லாவற்றையும் கேட்கிறவன் அதை மட்டும் விட்டிருக்கிறேன்.

"ஒரு சொல்லுக்கு ரெண்டு அர்த்தம் இருந்தா நீ என்ன பண்ணுவ?" என்று உள்ளே இருந்து சொன்னேன்.

"வெளிய வாடா" என்றாள். வந்தேன். இருவரும் ஒரே விளிம்பில் ஏறி நின்று சாய்ந்து பாய்மரத்தை வெடிப்பிலிருந்து பிடுங்கினோம். கடப்பாரை வருகிற மாதிரி வந்தது.

வியாழக்கிழமை ஒரு மணிக்குப் படகை எடுத்தேன். அம்மா பிளாஸ்க் நிறைய டீ கொடுத்தாள். அக்கா கரையில் நின்று எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னாள். அவர் விரிப்பை உதறிப் போடுகிற நேரம்தான் ஒரே இடத்தில் நிற்பார், அப்போது பக்கத்தில் கவிழ். பேரைச் சொல். மூக்கைக் காற்றுக்குத் திருப்பு. துணிக் கயிறை விடு. பத்து எண்ணு. எது நடந்தாலும் படகை விடாதே. கடைசியாக, அவரைத் தூங்க விடாதே, தூங்கினால் எழுப்பு. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

நான் கிட்டே போனபோது அப்பா பொட்டலக் காகிதத்தை மடித்துக்கொண்டிருந்தார். எழுந்து பாயை உதறினார். நான் கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தப்பான பக்கம் உட்கார்ந்தேன். படகு அவருக்குப் பத்து எட்டு தள்ளிக் கவிழ்ந்தது. வேண்டுமென்று கவிழ்ப்பது தெரியாமல் கவிழ்வதைவிடக் கஷ்டம். புழுதி அவர்மேல் பறந்தது. அவர் பாயை இன்னொரு தடவை உதறினார்.

"நம்ம படகா?" என்றார்.

"ஆமாப்பா."

"நீலம் எப்ப அடிச்சீக?"

"போன வருசம்."

"நல்லாத்தான் இருக்கு" என்றவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உசந்துட்ட. படிப்பு?"

"விட்டுட்டேன்."

"நான் பாயை விட்டேன், நீ படிப்பை விட்டியாக்கும். அக்கா?"

"அக்கா எதையும் விடலைப்பா" என்றேன்.

அவர் கரையைப் பார்த்தார். அக்கா நிற்பது தெரிந்தது.

அப்புறம்தான் முதல் விதி ஞாபகம் வந்தது. பெயரைச் சொல்ல வேண்டும். அப்பா என்றால் செல்லாது. நான் அவர் பெயரை ஸ்கூல் ஃபாரத்தில் எழுதியிருக்கிறேன், வாயால் சொன்னதில்லை. அம்மா சொல்லவே மாட்டாள், இரண்டரை வருஷமாகக் கரையில் நின்று "ஏங்க" என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். அக்காவும் அன்றைக்கு "அப்பா" என்றுதான் கத்தியிருக்கிறாள். யோசித்துப் பார்த்தால் இத்தனை நாளில் அவரை யாருமே கூப்பிடவில்லை.

"வழிவிட்டான்" என்றேன். என் குரல் வேறு மாதிரி வந்தது.

"புவனேசு" என்றார் அவர். கோபித்துக்கொள்ளவில்லை. பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து எட்டும் நடந்து வந்து படகைத் தொட்டார்.

உள்பக்கம் ஒட்டிப் படுங்கள், நான் நிமிர்த்துகிறேன், அள்ளிக்கொண்டு வந்துவிடும் என்றேன். அஞ்சு நிமிசம் தூங்கிவிட்டு வருகிறேன் என்றார். ஐந்து மணிக்கு நிஜத் தண்ணீர் வருகிறது என்றேன். இப்போது இரண்டு கூட ஆகவில்லையே என்றார்.  கடைசியில், உள்ளேயே தூங்கலாமே என்றேன். அவருக்கு அது பிடித்திருந்தது. சாய்ந்து கிடந்த படகுக்குள் பாயை நான்கு மூலையும் இழுத்துச் சீராக விரித்தார். செருப்பைக் கழற்றித் தலைமாட்டில் வைத்தார். படுத்தார். நான் சுற்றிக்கொண்டு பலகைப் பக்கம் போவதற்குள் குறட்டை கேட்டது. அள்ளப்படுகிறவர் ஒன்றும் செய்யக் கூடாது என்றேனே, அவரைப் போல ஒன்றும் செய்யாதவரை நான் பார்த்ததில்லை.

மூக்கைத் திருப்பினேன். காற்று எங்கள் வீட்டுப் பக்கமிருந்துதான் வந்தது. கயிற்றை விட்டேன். எண்ணினேன். ஆறு வந்தது. கால் பலகைக்குப் போய்விட்டது, திருப்பிக் கீழே வைத்தேன். ஏழு. ஏழு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எட்டு, ஒன்பது இரண்டும் ஏழைவிடச் சுலபம். பத்தில் ஏறினேன், விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தேன். படகு கொஞ்சம் யோசித்தது. பிறகு எழுந்தது. அப்பா பாயோடு படகின் உள்தரைக்கு வந்து சேர்ந்தார். குறட்டை நிற்கவில்லை. நான் பக்கவாட்டில் தொற்றி உள்ளே விழுந்தேன்.

கயிற்றை இழுத்தேன். படகு கிழக்கே கிளம்பியது. ஒரு முழம் போய் நின்றுவிட்டது.

அக்கா சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது, அவளுக்கும் தெரிந்திருக்காது. படகில் இப்போது இரண்டு பாய். மேலே இருந்தது வீட்டைப் பார்த்து இழுத்தது, கீழே அப்பா படுத்திருந்தது மேற்கைப் பார்த்து இழுத்தது. இரண்டும் சமமாக இழுத்தன. படகு தைத்து வைத்த மாதிரி நின்றது. கரை இருநூறு எட்டில் இருந்தது.

அக்கா அங்கிருந்து கத்தினாள். "எழுப்புடா! எழுப்பிச் சுருட்டு."

அவரைப் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பாதம் இரண்டும் கண்மாய்த் தரை மாதிரியே பாளம் பாளமாக வெடித்திருந்தன. இரண்டரை வருஷமாக அவர் படுத்த இடத்தில் எழுந்ததில்லை. ஒவ்வொரு நாளும் வேறு எங்கேயோ கண் விழித்து, எங்கே இருக்கிறோம் என்று பார்த்து, பாயைச் சுருட்டி, முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். படகு இப்போது நகரவில்லை. இப்போது விழித்தால் படுத்த இடத்திலேயே விழிப்பார். அது அவருக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு.

எழுப்பவில்லை.

மணி இரண்டு பத்து. நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா கத்திக்கொண்டே இருந்தாள், பிறகு நிறுத்தினாள், பிறகு உட்கார்ந்தாள். அம்மா வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கரைப் படகு ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. என்ன நிற்கிறீர்கள் என்று கேட்டார்கள். தூங்குகிறார் என்றேன். சரி என்று சொல்லிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நான் அதற்கு முன் எந்த இடத்திலும் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்ததில்லை. பத்து பத்தாக எண்ணினேன். அப்படி எழுநூறு தடவைக்கு மேல் எண்ணியிருப்பேன்.

மூன்றே முக்காலுக்குத் தெற்கே, மடைப் பக்கம், தரையில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. சாத்தையா கொஞ்சம் முன்னாலேயே திறந்துவிட்டார் போல. கோடு மெதுவாகத் தடித்தது. கரையில் அம்மா எழுந்து நின்றாள்.  நான் பிளாஸ்க் மூடியைத் திறக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாசனை பட்டால் விழித்துவிடுவார்.

நான்கு மணிக்கு அப்பா கண் திறந்தார். முதலில் வானத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து கரையைப் பார்த்தார். எங்கள் வீட்டு முருங்கை மரம் அவர் படுக்கும்போது எங்கே நின்றதோ அங்கேயே நின்றது. வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடியும் முருங்கையைப் பார்த்தார்.

"எங்கயும் போகலையா?" என்றார்.

"போகலைப்பா."

டீயை ஊற்றிக் கொடுத்தேன். ரொம்ப நேரம் குடித்தார். சர்க்கரை கம்மி என்றார். பிறகு எப்போதும் போல அவராகவே எழுந்து பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தார். அந்த நொடியே படகு அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி பாய்ந்தது. காற்று எதிரே வந்ததால் இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை என்று மாறி மாறி ஓட்டினேன். நான்கு நாற்பதுக்குக் கரையில் இடித்தோம். பழுப்புத் தண்ணீர் படகின் பின்பக்கத்தை அப்போதுதான் தொட்டது.

அம்மா, "சாப்பிட்டீகளா?" என்று கேட்டாள். அப்பா, "ஆச்சு" என்றார். அக்கா அவர் பக்கம் பார்க்கவே இல்லை. படகை இழுத்துக் கட்டினாள், கட்டின முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினாள். அப்பா அவளிடம் போய், "கயிறைத்தான் சொல்லியிருக்க, எனக்குத்தான் விளங்கலை" என்றார். அவள் மூன்றாவது தடவையும் அந்த முடிச்சைக் கட்டினாள்.

தண்ணீர் ராத்திரி முழுக்க வந்தது. காலையில் எங்கள் வீட்டு வாசற்படி வரை நின்றது. எங்கள் வீடு கரையின் ஓரத்திலேயே கண்மாயைப் பார்த்துக் கட்டியது, அதனால் அது சகஜம். கையை விட்டுப் பார்த்தேன். மேலே வெதுவெதுப்பு, ஒரு சாண் கீழே போனால் சில்லென்று. சில்லென்றதுதான் பழையது, ரிக்கார்டுத் தண்ணீர்.

வெள்ளிக்கிழமை ஒன்றரைக்கு அப்பா எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். விரால் குழம்பு. சாப்பிட்டதும் நடுவீட்டில் பாயை உதறி விரித்துப் படுத்தார். ஐந்து நிமிசம் என்றார். அம்மா கொல்லைக் கதவைத் திறந்து வைத்திருந்தாள், புழுக்கம். கடல்காற்று கிளம்பிக் கொல்லை வழியாக உள்ளே வந்தது.

அக்கா அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கிக் காற்றைக் கவனித்தாள்.

"டேய், அப்பாவை எழுப்பிட்டுப் பாயைச் சுருட்டி வை" என்றாள்.

பாய் என்றாள். அவளும் அதைக் கவனித்தாள். தேய்ப்பது ஒரு நிமிடம் நின்றது, பிறகு தொடர்ந்தது.

நான் போய் அப்பா பக்கத்தில் நின்றேன். குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாதங்களுக்கு அம்மா விளக்கெண்ணெய் தடவியிருந்தாள், பளபளவென்று இருந்தன. ஜன்னலுக்கு வெளியே முருங்கை மரம் மெதுவாகப் பின்னால் போனது. அடுத்து எங்கள் துணிக்கொடி போனது. அப்புறம் கரை.

அம்மா குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில், வீட்டுக்கு நடுவாக வைத்தாள். "இது நாலு பேர் வீடுதான?" என்று கேட்டாள். நாலு பேர்தான் என்றேன். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கொல்லைக் கதவைப் பிடித்தாள். கொஞ்சம் இடது பக்கம் தள்ளினாள். வீடு கொஞ்சம் வலது பக்கம் திரும்பியது. கருவேல மரங்களைத் தாண்டினோம்.

பாயைச் சுருட்டி வைக்கச் சொல்லி இன்னொரு தடவை சொன்னாள். நான் சுருட்டவில்லை.